டப்பிங்குக்கு ஒத்துக்கொள்ளாதவள்

மமதாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் லைனில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சினிமாப் படிப்பு படித்துக் கெட்டுப்போனவள் என்பார்கள். தேடி வந்த வேலையை எட்டி உதைத்த திமிர் பிடித்தவள் என்பார்கள். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அவள் போன ரயிலில்தான் நானும் தினம் வேலைக்குப் போனேன். அவள் எடுத்த படத்தில் என் மூஞ்சியும் இருக்கிறது. நடந்ததை நான் சொல்கிறேன், அப்புறம் யார் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

பெங்களூருக்குக் கிழக்கே தங்கச் சுரங்கம் இருந்த ஊரில், மைசூர் மைன்ஸ் பக்கம் எங்களுடையது லைன் வீடு. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். மமதா பிறக்கும்போதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவள் அப்பன் ஸ்ரீநிவாஸ் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவள் ஐந்தாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தான். அம்மா கோவிந்தம்மா பெங்களூரில் ஒரு துணி ஆலையில் தையல் மிஷினில் உட்காருகிறவள். இருட்டோடு எழுந்து, மாரிகுப்பத்தில் ரயிலேறி, பொழுது சாய்ந்து திரும்பி வருவாள். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. எனக்கும் அதுதான். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் நான் வாட்ச்மேன்.

கோவிந்தம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் உண்டு. டிவி சீரியல். வேலைவிட்டு வந்ததும் அடுப்பில் ஒரு கண், டிவியில் ஒரு கண். மமதாவும் அதன் முன்னால்தான் வளர்ந்தாள். ஆனால் அம்மா பார்த்தது கதையை, மகள் பார்த்தது வேறு. இவள் ஏன் கதவுப் பக்கம் நிற்கிறாள், அவன் ஏன் பேசாமல் முறைக்கிறான், இந்தச் சண்டையை ஏன் நாளைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "வாய மூடிட்டு பாக்கறதுன்னா பாரு, இல்லன்னா வெளிய போ" என்று கோவிந்தம்மா கத்துவது எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும்.

பி.யு.சி. என்கிற பன்னிரண்டாவதை முடித்ததும் பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் சினிமாவும் டிவி நாடகமும் சொல்லித்தரும் பட்டப்படிப்பில் போய்ச் சேர்ந்தாள். எதிர்வீட்டுப் பாப்பம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

"இன்னா கோவிந்தம்மா, பொண்ணு நடிக்கப் போறாளாமே?"

"நடிக்கறதுக்கு இல்ல. நடிக்கறவங்க இன்னா பேசணும்னு எழுதிக் குடுக்கறதுக்கு."

"ஏன், அவங்களுக்கு சொந்தமா வாய் இல்லியா?"

"உனக்கு கீது இல்ல, அது போதும் இந்த லைனுக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது படிப்பு.

ரயிலில் மமதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனில் சீரியல் பார்ப்பாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். சத்தம் இல்லாமல் சீரியலில் என்ன இருக்கிறது?

"பாருங்க மாமா. ஒருத்தி அழுவுறா. அவ மூஞ்சி, மாமியா மூஞ்சி, திரும்பவும் அவ மூஞ்சி. ஒண்ணுமே நடக்கல. ஆனா உங்களுக்கு அடுத்தது பாக்கணும்னு இருக்குது இல்ல?"

"எனக்கு தூங்கணும்னு இருக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதெல்லாம் படிப்பில் சேர்த்தி. எங்கே வெட்டுகிறார்கள், எங்கே இழுக்கிறார்கள், யார் முகத்தை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்குப் பரீட்சை வைப்பார்களாம். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதற்கெல்லாம் மார்க் உண்டு என்று தெரிந்திருந்தால் நானும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பங்காருபேட்டை தாண்டும்போது கேட்டாள். "மாமா, நம்மள மாதிரி பேசறவங்க சீரியல்ல யாரு?"

யோசித்தேன். "ரவுடி."

"அப்புறம்?"

"குடிகாரன். வேலைக்காரி. காமெடிக்கு வர்றவன்."

"அம்மா?"

"எந்த அம்மா?"

"கதையோட அம்மா. நல்லவங்க. அவங்க யாராச்சும் 'இன்னா'ன்னு கேட்டு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. என்னைப் போன்ற வாட்ச்மேன் வருகிறானே என்றேன். "அவன் கேட்டத் தெறந்து உட்டு மேடம் வந்துட்டாங்கன்னு சொல்லுவான், அவ்ளோதான்" என்றாள். அது உண்மைதான். நானும் வேலையில் அதற்குமேல் பேசுவதில்லை.

வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்குக் கூலியாக வந்தவர்களின் பேச்சு எங்களுடையது. 'இன்னா' என்றுதான் கேட்போம். சாமியிடமும் 'இன்னா' என்றுதான் கேட்போம். அதில் மரியாதைக் குறைச்சல் எதுவும் கிடையாது. ஆனால் அதை டிவியில் கேட்டால் கையில் கத்தி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சின்ன நாடகம் படமாக எடுக்க வேண்டும். மமதாவின் கூட்டாளி லவினாதான் கேமரா. அந்தப் பெண் பெங்களூர்க்காரி. எங்கள் ஊருக்கு வந்ததும் சயனைடு மேட்டைப் பார்த்துவிட்டு, அங்கேதான் எடுக்க வேண்டும் என்று நின்றாள். சுரங்க மண் மலையாகக் குவிந்து கிடக்கிற இடம். வெளியூர்ப் படக்காரர்கள் வேன் வேனாக வந்து அதன்மேல் அடிதடி எடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்கள் கூட்டத்தில் ஓடுவார்கள். யாருக்கும் ஒரு வார்த்தை பேச்சு இருக்காது.

"மேட்ட எல்லாரும் எடுத்துட்டாங்க. கிச்சன எவனும் எடுக்கல" என்றாள் மமதா.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது, அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். அம்மா விட மாட்டேன் என்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் சண்டை வந்து தீர்கிறது, அல்லது தீரவில்லை. அம்மா வேஷத்துக்குக் கோவிந்தம்மா. மகளாகக் கல்லூரியிலிருந்து சாரா என்று ஒரு பெண், எங்கள் ஆண்டர்சன்பேட்டைப் பெண்தான். பஞ்சாயத்துப் பண்ண வரும் பக்கத்து வீட்டுக்காரன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை வைத்தார்கள். கோவிந்தம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அதை மாற்றச் சொல்லவே அரை மணி நேரம் போயிற்று. பிறகு லவினா கையைக் காட்டினாள். கோவிந்தம்மா சாராவைப் பார்த்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "என்ன காரியம் செய்துவிட்டாய் மகளே" என்றாள்.

எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் கேலி செய்யவில்லை. கேமரா முன்னால் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். கல்லூரியிலிருந்து போன் வந்தாலும் இதே குரலில்தான் பேசுவாள்: "சொல்லுங்கள், நான் மமதாவின் தாயார் பேசுகிறேன்." எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. என் முறை வந்தபோது நானும் உள்ளே போய், "வணக்கம் சகோதரி, ஏன் இந்தச் சச்சரவு" என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நான் பிறந்தது முதல் யாரையும் சகோதரி என்று கூப்பிட்டதில்லை.

"அம்மா, 'இன்னா' சொல்லு" என்றாள் மமதா.

"கேமரால எப்படிடி சொல்றது?"

"எப்பவும் சொல்ற மாதிரி."

திரும்பவும் எடுத்தார்கள். திரும்பவும் மகளே. மறுபடியும் எடுத்தார்கள். மமதா குரலை உயர்த்தவில்லை, விடவும் இல்லை. "இன்னொரு தடவ" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் கோவிந்தம்மாவுக்கு வந்ததே கோபம். "இன்னாடி உனக்கு? காலைலேர்ந்து ஒரே வார்த்தைய போட்டு அரைச்சிக்கினு கீற. அடுப்புல கொழம்பு கெடக்குது, தண்ணி வேற வர்ற நேரம், மனுசின்னு நெனச்சியா மிஷினுன்னு நெனச்சியா?"

லவினா கேமராவை நிறுத்தாமல் இருந்தாள். மமதா அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். கோவிந்தம்மா குனிந்து, அந்தச் சின்னத் திரையில் தன்னைப் பார்த்தாள்.

"இப்பிடியே பேசணுமா?"

"இப்பிடியேதான்."

"இதுக்கா கேமரா? இத லைன்ல தெனம் ஓசியிலயே கேக்கறாங்களே."

ஆனால் அதற்கப்புறம் பிடித்துக்கொண்டாள். மாலை வரைக்கும் அவளை நிறுத்த முடியவில்லை. சாராவைத் திட்டிய திட்டில் அந்தப் பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். பாப்பம்மா ஜன்னலில் நின்றுகொண்டு, "நல்லா கேளு கோவிந்தம்மா, உடாத" என்று எடுத்துக்கொடுத்தாள். அதுவும் படத்தில் இருக்கிறது.

படத்தைக் கல்லூரியில் போட்டுக் காட்டிய அன்று சென்னையிலிருந்து ஒரு டிவி கம்பெனி ஆள் வந்திருந்தார். பெயர் ஜெயகரன். மாணவர்களில் ஒருவரைத் தங்கள் சீரியலில் வசனம் எழுதும் குழுவுக்கு எடுத்துக்கொள்ள வந்தவர். மமதாவின் படம்தான் அவருக்குப் பிடித்தது. வேலை உனக்குத்தான் என்றார். இந்தப் படத்தையும் எங்கள் டிவியில் போடுகிறேன் என்றார். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, பேச்சை நல்ல தமிழில் டப்பிங் செய்துவிட வேண்டும் என்றார்.

அவள் மாட்டேன் என்றாள். அங்கேயே, எல்லார் முன்னாலும்.

மறுநாள் ரயிலில் சொன்னபோது எனக்கே பகீரென்றது. மூன்று வருஷம் இருட்டில் எழுந்து போய்ப் படித்தது எதற்கு? "ஒரு வார்த்தைக்காக ஒரு வேலைய உடுவாங்களா?" என்றேன்.

"ஒரு வார்த்த இல்ல மாமா. அந்த ஆளு சொல்றாரு, இந்த அம்மா 'இன்னா'ன்னு கேட்டா பாக்கறவங்க ரவுடிக் குடும்பம்னு நெனச்சிக்குவாங்களாம். அப்ப எங்கம்மா மாதிரி ஒருத்தி உங்க சீரியல்ல எப்படித்தான் பேசுவான்னு கேட்டேன். அவ பேச மாட்டா, அவ வரமாட்டான்னாரு."

அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டது. ரயிலில் ஆட்கள் ஏறினார்கள்.

அவளுடைய ஆசிரியர் சரத் கன்னடக்காரர். நல்ல மனுஷன். 'என்ன'வுக்கும் 'இன்னா'வுக்கும் வித்தியாசம் அவருக்குக் காதில் விழாது. ஒரு பிள்ளைக்கு வேலை போகிறதே என்ற கவலையில் டப்பிங் பேச வரச் சொல்லிக் கோவிந்தம்மாவுக்கே போன் போட்டுவிட்டார். கோவிந்தம்மா போன் குரலில், "கட்டாயம் வந்து பேசிக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சண்டை.

"என்னக் கேக்காம நீ எப்படிம்மா ஒத்துக்கினே?"

"என் வாயால உன் கெலசம் போவணுமா? ஊருல யாருக்குடி கெடைக்குது இப்பிடி ஒரு கெலசம்?" வேலையை நாங்கள் கெலசம் என்போம், கன்னடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட வார்த்தை.

"உன் வாய்தாம்மா படம்."

"படம் சோறு போடுமா?"

"நீ அந்தக் குரல்ல பேசினா எனக்கு அந்தச் சோறு வேணாம்."

"அவ்ளோ கேவலமாவா பேசறேன் நான், டிவில பேசற மாதிரிதானே பேசறேன்?"

மமதாவின் குரல் இறங்கிவிட்டது. "உன் குரலு உன்னோடது. நீ போய் பேசு. நான் தடுக்க மாட்டேன். ஆனா படத்துல சேக்க மாட்டேன்" என்றாள்.

கோவிந்தம்மா என் கதவைத் தட்டினாள். "அண்ணா, உங்க கொரலையும் மாத்தணுமாம். லீவு போட்டுட்டு வாங்க. அவள நான் பாத்துக்கறேன்."

போனோம் மூன்று பேரும். ரயிலில் வழியெல்லாம் கோவிந்தம்மா புது வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மமதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் நான், சகோதரியும் சச்சரவும் வாயில் வருமா என்று பயந்துகொண்டு.

கல்லூரியில் குரல் பதிகிற அறை கண்ணாடி போட்டு அடைத்திருந்தது. ஜெயகரனும் சரத்தும் இந்தப் பக்கம். கோவிந்தம்மா உள்ளே, காதில் மாட்டிக்கொண்டு, எதிரே பெரிய திரையில் அவளே. மமதா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் காட்சியில் கோவிந்தம்மா பேசியதைக் கேட்டு ஜெயகரன் எழுந்தே விட்டார். அவ்வளவு சுத்தம். இத்தனை வருஷம் சீரியல் பார்த்தது வீண் போகவில்லை. "அம்மா, நீங்க இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?" என்றார். கோவிந்தம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. நான் மமதாவைப் பார்த்தேன். கட்டிய கையை இன்னும் அவிழ்க்கவில்லை.

அடுத்தது சண்டைக் காட்சி. திரையில் கோவிந்தம்மா கரண்டியை வீசிவிட்டு, சாராவைப் பிடித்து உலுக்கி, 'இன்னா பேசற நீ? நீயும் பூட்டா ஊட்ல எனக்கு யாருடி கீறாங்க?' என்று கேட்கிற இடம். இப்போது அவள் சொல்ல வேண்டியது: 'என்ன பேசுகிறாய்? நீயும் போய்விட்டால் வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?'

திரையில் வாய் அசைந்தது. உள்ளே இருந்தவள் பேசவில்லை.

திரும்பப் போட்டார்கள். பேசவில்லை. திரையில் தன் கை போவதையும் தன் கண்ணில் தண்ணீர் வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, வரி ஞாபகம் இருக்குதா?" என்றார் ஜெயகரன்.

"ஞாபகம் கீது சார். ஆனா இந்தப் பொம்பள இப்பிடி கேக்க மாட்டா."

"இது நீங்கதானேம்மா."

"அதான் சார் சொல்றேன். எனக்குத் தெரியாதா? இவ்ளோ கோவத்துல இவ எப்படி 'இருக்கிறார்கள்'னு நிறுத்தி நிதானமா சொல்லுவா? பொண்ணு போறாளேன்னு வயிறு எரியுது இவளுக்கு."

ஜெயகரன் பொறுமையானவர். அவர் விளக்கினார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு கேட்டால் வேறு மாதிரி தோன்றும், தப்பான குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள் என்றார்.

"நெனைக்கட்டும் சார். அப்புறம் இவ ரசம் வெக்கறா, பொண்ணுக்கு தலை வாருறா, எல்லாம் பாப்பாங்க இல்ல? தப்பான குடும்பமா இல்லியான்னு அப்ப தெரிஞ்சிக்கறாங்க. தெரியாதவங்களுக்கு நான் இன்னா பண்றது?" அவள் காதில் இருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள். உடைந்துவிடப் போகிறது என்பது போல மெதுவாக வைத்தாள்.

"பரவாயில்லம்மா, உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம்" என்றார் ஜெயகரன். "சென்னையில டப்பிங் ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க, உங்களுக்காக அவங்க பேசிடுவாங்க." பிறகு மமதா பக்கம் திரும்பினார். "நீ சரின்னு மட்டும் சொல்லு. வேலை இருக்கு. இப்பவே சொல்லு."

கோவிந்தம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளைப் பார்த்தாள். தான் பேச மாட்டேன் என்றதோடு அவள் கையில் இருந்தது முடிந்துவிட்டது. இனிமேல் வேலை வேண்டுமென்றால் மமதா தலையை ஆட்டினால் போதும். அம்மாவின் வாயில் வேறொருத்தி பேசுவாள், அவ்வளவுதான். அந்தச் சம்பளத்தில் கோவிந்தம்மா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கலாம். அது மமதாவுக்குத் தெரியும். எனக்கே தெரிந்ததே.

கல்லூரியில் மமதா கன்னடம் பேசுவாள், இங்கிலீஷ் பேசுவாள். அன்று எங்கள் லைன் தமிழில்தான் பேசினாள்.

"படம் வேணும்னா இப்பிடியே எடுத்துக்கினு போங்க சார். இல்லன்னா உட்டுடுங்க."

"வேலை?"

"அதுவும்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்றியா?"

"மூணு வருசம் யோசிச்சிட்டுதான் சார் படமே எடுத்தேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டார். கோபமில்லை. "நீ ரொம்ப வருத்தப்படுவே" என்று மட்டும் சொன்னார். "பட்டுக்கறேன் சார்" என்றாள். என் குரலை யாரும் கேட்கவே இல்லை. நல்லதாகப் போயிற்று.

திரும்பி வரும்போது ரயில் மாலூர் தாண்டியது. கோவிந்தம்மா கேட்டாள்.

"கெலசம் போச்சா?"

"போச்சும்மா."

"என்னாலயா?"

"என்னால."

"மொதல்ல நான் பேசினத நல்லா கீதுன்னான் இல்ல அந்த ஆளு?"

"எழுந்து நின்னாரும்மா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

பட்டமளிப்புக்கு முந்தின வாரம் கல்லூரி அரங்கில் படத்தைப் போட்டார்கள். கீழே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுத்து ஓடியது. லைனிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். கோவிந்தம்மா பேசியதற்குப் பிள்ளைகள் சிரித்தபோது அவள் விறைத்துப்போய் என் பக்கம் திரும்பினாள். பாப்பம்மா, "உன் பேச்சுக்கு இல்லடி, நீ கேட்ட கேள்விக்கு சிரிக்கறாங்க" என்று அதட்டினாள். முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, இதைச் சரியான தமிழில் எடுத்திருந்தால் நிறையப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமே என்று கேட்டான். மமதா மைக்கை வாங்கினாள்.

"எங்கம்மா சரியாத்தான் பேசறாங்க. புரியாதவங்களுக்கு கீழ எழுதியிருக்கு, படிச்சிக்கோங்க."

இது தைரியமா திமிரா என்று லைனில் இன்னமும் பேச்சு ஓடுகிறது. வருத்தப்பட்டாளா என்றால், பட்டாள். ஆறேழு மாதம் வேலையில்லாமல் ராபர்ட்சன்பேட்டையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவளிடம் யாரும் வாய்கொடுக்க முடியாது. கோவிந்தம்மா இன்னும் அதே தையல் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் மறைத்துவிட்டு மமதாவைப் பெரிய வீராங்கனையாக எழுதினால் அவளே என்னைச் சும்மா விட மாட்டாள்.

இப்போது பெங்களூரில் ஒரு கன்னட சீரியலில் வசனக்காரருக்கு உதவியாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பழைய ரயில்தான், பழைய ஜன்னல்தான். போன வாரம் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

அந்த சீரியலில் புதிதாக ஒரு வேலைக்காரி வருகிறாளாம். தமிழ் பேசுகிறவள். காமெடிக்கு. உனக்குத்தான் அந்தத் தமிழ் தெரியுமே, நீயே எழுது என்று கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தில் 'வேலைக்காரி' என்று மட்டும் இருந்ததாம். மமதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த வேலைக்காரி பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டிருக்கிறாள். வேலைக்காரிக்கு எதற்குப் பெயர், வந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள்தானே என்று சொன்னார்களாம். பெயர் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

"இதையும் தொலைச்சிக்கப் போறியா?" என்றேன். "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? பேரு வெச்சாங்களா இல்லியா?"

"இன்னும் வெக்கல மாமா" என்றாள். "நானும் இன்னும் எழுதல."